விழுந்த பிறகும் நடந்த கால்கள்: ஒரு கல்லூரி ரோபோ குழுவின் இரண்டு ஆண்டுகள்

இது கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் 2022 ஜூலை முதல் 2024 ஏப்ரல் வரை நடந்தது. நான் அங்கே வேலை செய்பவன் இல்லை. மில்களுக்கும் பவுண்டரிகளுக்கும் கன்ட்ரோல் பேனல் செய்து கொடுப்பதுதான் என் தொழில். சனிக்கிழமை மதியம் மட்டும் அந்தக் கல்லூரி ரோபோ குழுவுக்கு வழிகாட்டியாகப் போய்வந்தேன், இப்போதும் போகிறேன். ஆட்கள் பெயரும் கல்லூரி பெயரும் இங்கே தேவையில்லை, விட்டுவிட்டேன். ஹியூமனாய்டு, அதாவது மனித உருவ ரோபோ, ஒன்று செய்து மேடையில் நிறுத்த வேண்டும் என்ற ஆசை பல குழுக்களுக்கு இருக்கிறது. அந்த ஆசை தவறே இல்லை. ஆனால் அதில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று எங்களுக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் நோட்டில் குறித்து வைத்ததையெல்லாம் எடுத்து எழுதுகிறேன்.

பின்னணி

குழுவில் 11 பேர், பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள். தலைவி ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி, எலக்ட்ரானிக்ஸ். இன்னொரு முக்கியமான ஆள் மெக்கானிக்கல் படித்த ஒரு பையன். அவன் அப்பாவுக்கு சொந்தமாக லேத் பட்டறை, அதனால் ஒரு பிராக்கெட் சரியாக உட்காரவில்லை என்றால் மறுநாளே புதிதாகச் செய்து கொண்டுவந்துவிடுவான். அப்புறம் லேப் உதவியாளர். ஐம்பது வயதைத் தாண்டியவர், எல்லோருக்கும் அண்ணா. அவர் குழுவில் இல்லை, ஆனால் இந்தக் கதையில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

2023 பிப்ரவரியில் கல்லூரி ஆண்டு விழா. மேடையில் சிறப்பு விருந்தினருக்கு ஒரு ரோபோ வணக்கம் சொல்ல வேண்டும் என்று தாளாளர் விரும்பினார். 18,000 ரூபாய் கிடைத்தது. அதில் அலுமினிய பிராக்கெட் செட், சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் 17 சர்வோ மோட்டார், கண்ட்ரோலராக ஒரு ஆர்டுயினோ மெகா போர்டு, சர்வோக்களை ஓட்டும் பிசிஏ9685 போர்டு, பேட்டரி, புளூடூத் மாட்யூல் எல்லாம் வாங்கினோம். காலுக்கு ஐந்து ஐந்தாகப் பத்து, கைக்கு மூன்று மூன்றாக ஆறு, தலைக்கு ஒன்று. பதினேழு மூட்டு என்பது இந்தப் பொழுதுபோக்கு ஹியூமனாய்டு உலகத்தில் பழைய கணக்கு. ஜப்பானில் கோண்டோ நிறுவனம் 2004இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கேஎச்ஆர்-1 கிட்டிலும் 17தான்.

முதல் ஏழு மாதம்: உடம்பு கற்றுக்கொடுத்தது

இந்த ஏழு மாதத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வகுப்பில் நாலு வருடம் படித்தாலும் பிடிபடாத சில விஷயங்கள் அந்த ஒன்றரை அடி உடம்பில் மாணவர்களுக்குப் பிடிபட்டன.

முதலில் மின்சாரம். நாங்கள் வாங்கிய எம்ஜி996ஆர் சர்வோ 6 வோல்ட்டில் அசையாமல் சிக்கிக்கொண்டு தள்ளும்போது ஒன்றே கிட்டத்தட்ட 2.5 ஆம்பியர் இழுக்கும். பதினேழும் ஒரே நேரத்தில் இழுத்தால் 40 ஆம்பியரைத் தாண்டும். மாணவர்கள் போட்டிருந்த கன்வெர்ட்டர் 5 ஆம்பியர்தான் தாங்கும். சுவிட்சைப் போட்டதும் எல்லா சர்வோவும் ஒரே நேரத்தில் துள்ளும், வோல்ட்டேஜ் விழும், ஆர்டுயினோ ரீசெட் ஆகும், மறுபடி எல்லாம் துள்ளும். இரண்டு வாரம் கோடிங்கில்தான் பிழை என்று நினைத்துத் தேடினார்கள். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்த அன்று பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்தது. கண்ட்ரோலருக்குத் தனி சப்ளை, சர்வோவுக்குத் தனி சப்ளை, இரண்டுக்கும் ஒரே கிரவுண்ட், பெரிய கெப்பாசிட்டர், சர்வோக்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்புவது என்று மாற்றிய பிறகு அமைதியானது.

அப்புறம் மூட்டு. சர்வோவின் அச்சில் 25 பல் இருக்கும், அதனால் அச்சில் பொருந்தும் கைத்துண்டை (ஹார்ன்) மாட்டும்போது 14.4 டிகிரிக்கு ஒரு இடத்தில்தான் மாட்ட முடியும், நடுவில் எங்கேயும் உட்காராது. மிச்ச கோணத்தைக் கோடில்தான் சரிக்கட்ட வேண்டும். பதினேழு மூட்டுக்கும் பதினேழு திருத்த எண். ஒரு சர்வோ கியர் போய் மாற்றினால் அந்த மூட்டுக்குத் திரும்ப முதலிலிருந்து அளக்க வேண்டும். பிசிஏ9685இல் 16 சேனல்தான் இருக்கிறது என்பதையும் பதினேழாவது சர்வோவைக் கையில் வைத்துக்கொண்டுதான் கவனித்தார்கள். தலையை மட்டும் நேராக ஆர்டுயினோ பின்னில் கொடுத்தோம்.

நடப்பதை ஒரு மூன்றாம் ஆண்டு பையன் தனியாக எடுத்துக்கொண்டான். உடம்பை இடது பாதத்தின் மேல் சாய்த்து, வலது காலைத் தூக்கி, முன்னே வைத்து, எடையை மாற்றி என்று பதினாறு நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிலைக்கும் பதினேழு கோணங்களை எழுதினான். நாலு மாதம். மார்பு உயரத்தில் பேட்டரி இருந்தபோது தள்ளாடியது, பேட்டரியை இடுப்புக்கு இறக்கிய அன்று ரோபோ முதல்முறை ஆறு அடி விழாமல் போனது. அன்று லேபில் இருந்த சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் ஒன்றை அப்போது யாருமே பெரிதாக யோசிக்கவில்லை, நானும்தான். இந்த சர்வோவுக்கு மூன்று வயர். சிவப்பும் பழுப்பும் சப்ளை, மஞ்சள் சிக்னல். அந்த மஞ்சள் வயரில் செய்தி ஒரு பக்கம் மட்டும்தான் போகும். 'முப்பது டிகிரிக்குப் போ' என்று சொல்லலாம், போனதா என்று கேட்க முடியாது. உள்ளே ஒரு பொட்டென்ஷியோமீட்டர் கோணத்தை அளந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் அந்த விவரம் சர்வோவுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. பதினேழு வாய் பேசுகிற, ஒரு காதும் இல்லாத ஒரு உடம்பைச் செய்து வைத்திருந்தோம்.

விழா நாள்

அழைப்பிதழில் 'தானியங்கி மனித ரோபோ வரவேற்பு' என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த வாசகம் எங்களிடம் கேட்டு எழுதப்பட்டதில்லை. தானியங்கி என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் குழப்பிவிடுகிறது. பணம் எடுக்கும் ஏடிஎம்மும் தானியங்கி, தண்ணீர் நிறைந்ததும் நிற்கும் மோட்டாரும் தானியங்கி, எங்கே போக வேண்டும் என்று தானே முடிவெடுக்கும் வண்டிக்கும் அதே சொல்தான். இந்தக் கடைசி வகையை இப்போது தன்னாட்சி என்று தனியாகச் சொல்கிறார்கள். அந்த வேறுபாடு அன்று அழைப்பிதழ் எழுதியவருக்கும் தெரியாது, கேட்டிருந்தால் எங்களால் தெளிவாகச் சொல்லியிருக்க முடியுமா என்பதும் சந்தேகம்.

நடந்தது இதுதான். மேடையில் ஒரு மேசை, அதன்மேல் பட்டுத்துணி. திரைக்குப் பின்னால் ஒரு மாணவர் போனில் பட்டனை அழுத்துவார், ரோபோ வணக்கம் வைக்கும். உள்ளங்கை முழுசாகச் சேராது, ஆனால் புரியும். வணக்கம் வைத்தது. கைதட்டல். விருந்தினர் மகிழ்ந்துபோய்க் கையை நீட்டினார். திரைக்குப் பின்னால் இருந்தவருக்கு அது தெரியவில்லை. ரோபோ கையை இறக்கிக்கொண்டது. அவர் நீட்டிய கையோடு நின்றார். பிறகு அடுத்த பட்டன், நடை. லேபில் டைல்ஸ் தரையில் நடந்து பழகிய பாதம் பட்டுத்துணியின் மடிப்பில் ஏறியது, ரோபோ முகம் குப்புற விழுந்தது.

விழுந்ததோடு முடிந்திருந்தால் யாரும் அதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள். விழுந்த பிறகும் கால்கள் நடந்துகொண்டிருந்தன. இடது காலைத் தூக்கியது, முன்னே வைத்தது, எடையை மாற்றியது, பதினாறு நிலையும் ஒழுங்காக, காற்றில். மாணவர் பதறிப்போய் நிறுத்தும் பட்டனை அழுத்தப் பத்துப் பன்னிரண்டு நொடி ஆனது.

மதியம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வந்தார்கள். இந்தமுறை ரப்பர் ஷீட் விரித்து நிறுத்தினோம், நன்றாகவே ஆடியது, நடந்தது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதன் முகத்துக்கு நேரே குனிந்து நின்று தலைவியிடம் கேட்டாள்: "அக்கா, நான் முன்னாடி நிக்கிறது இதுக்குத் தெரியுமா?"

தலைவி சட்டென்று "தெரியுமே" என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் போன பிறகு என்னிடம் வந்து அதை அவளே சொன்னாள். "ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியல சார். கண்ணு ரெண்டு வரைஞ்சு வெச்சிருக்கோம், தெரியாதுன்னு சொல்ல வாய் வரல." இரண்டு நாள் அவள் அதை மனதை விட்டு இறக்கவில்லை. இந்தக் குழு மாறியது விழுந்த இடத்தில் இல்லை, அந்தக் கேள்வியில்தான் என்று நான் நினைக்கிறேன்.

மார்ச் 2023: எடுத்த முடிவும் காரணமும்

தாளாளருக்குக் கோபம் எதுவும் இல்லை. விழுந்ததற்குக் காரணம் சின்னதாக இருப்பதுதான், ஐந்தரை அடியில் செய்யலாம், வரவேற்பறையில் நிற்கட்டும், மூன்று லட்சம் வரை தருகிறேன் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். துறைத்தலைவர் என் முகத்தைப் பார்த்தார்.

நான் வேண்டாம் என்றேன். உடம்பைப் பெரிதாக்கினால் எடையும் விழும்போது ஏற்படும் ஆபத்தும்தான் கூடும், காது முளைக்காது. மூன்று லட்சத்தில் பெரும் பகுதி சர்வோவுக்கும் உடம்புக்கும் போகும். 2015 ஜூனில் கலிபோர்னியாவில் பொமோனாவில் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா நடத்திய ரோபோ போட்டியின் இறுதிச் சுற்றைச் சொன்னேன். கதவைத் திறப்பது, வால்வைத் திருப்புவது, இடிபாட்டைக் கடப்பது, படியேறுவது மாதிரி எட்டு வேலைகள், ஒரு மணி நேரம். உலகின் சிறந்த ஆய்வகங்கள் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த ரோபோக்கள், அதுவும் தூரத்திலிருந்து மனிதர்கள் உதவ, அவற்றில் சில கதவைத் திறக்கப் போய் விழுந்தன. வென்றது தென்கொரியாவின் கைஸ்ட் அணி, 44 நிமிடம் 28 நொடியில். அவர்களின் ஹூபோ முழங்காலில் சக்கரம் வைத்திருந்தது. நடக்க வேண்டியதில்லாத இடத்தில் மண்டியிட்டு உருண்டு போனது. மனித உருவம் எங்கே உதவும், எங்கே உதவாது என்று அந்த அணிக்குத் தெரிந்திருந்தது என்றேன்.

தலைவி முதல் தடவையாகப் பேசினாள். "பெருசு பண்றதுக்கு முன்னாடி, விழுந்தா விழுந்துட்டோம்னு தெரியற மாதிரி பண்ணணும் சார்." அவள் சொன்னதுதான் அன்றைய முடிவானது.

முடிவு இரண்டு பகுதி. ஹியூமனாய்டைக் கலைக்கக் கூடாது, ஆனால் புதிய ஆட்டமும் கற்றுக்கொடுக்கக் கூடாது. இரண்டு பேர் அதற்கு உணர்வு கொடுக்கும் வேலையை மட்டும் செய்வார்கள். மற்றவர்கள் சக்கர வண்டி ஒன்று செய்வார்கள். அதற்கு உண்மையான ஒரு வேலை இருக்க வேண்டும், அந்த வேலையை யாரும் கைவைக்காமல் செய்ய வேண்டும். எது வேலை என்று தேடியபோது லேப் அண்ணா கண்ணில் பட்டார். ஸ்டோர் ரூமிலிருந்து மூன்று லேப்புக்கு உதிரிபாக டிரேக்களைக் கொண்டுபோய்க் கொண்டுவருவார். எண்ணிப் பார்த்தோம், ஒரு நாளைக்கு 34 நடை. அவருக்கு முட்டி வலி உண்டு. ஸ்டோரிலிருந்து கடைசி லேப் வரை காரிடார் 46 மீட்டர்.

அந்தக் கூட்டத்தில் நான் செய்த தவறையும் இங்கே எழுத வேண்டும். பேச்சுவாக்கில் ஹியூமனாய்டை "பொம்மை" என்று சொல்லிவிட்டேன். நாலு மாதம் நடையை எழுதிய பையன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். அடுத்த ஆறு வாரம் அவன் லேப் பக்கம் வரவில்லை. பிறகு நான் அவன் ஹாஸ்டலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

வண்டி: ஜூன் 2023 முதல் பிப்ரவரி 2024 வரை

சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று எண்ணும் என்கோடர் உள்ள இரண்டு 12 வோல்ட் கியர் மோட்டார், முன்னால் ஒரு காஸ்டர் வீல், யூபிஎஸ்ஸில் போடும் 7 ஏஎச் பேட்டரி, ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்ன கம்ப்யூட்டர், சுற்றிப் பார்க்க ஆர்பிலைடார் ஏ1. இந்த லைடார் சுழன்றுகொண்டே லேசரை விட்டு 12 மீட்டர் வரை நாலா பக்கமும் தூரம் அளக்கும். மேலே இரண்டு தட்டு, பிளைவுட். மொத்தம் 31,000 ரூபாய். பார்க்க டிபன் வண்டி மாதிரி இருக்கும்.

ஆரம்பத்திலேயே ஒரு அளவு வைத்தோம்: கை படாத நேரம். வண்டியை விட்ட பிறகு முதல்முறை ஒருவர் தொட்டு உதவ வேண்டி வரும் வரை எவ்வளவு நேரம் ஓடியது. 2004இல் டார்பா பாலைவனப் பந்தயத்தில் 220 கிலோமீட்டருக்கு மேலான பாதையில் எல்லாவற்றிலும் அதிக தூரம் போன வண்டியே 12 கிலோமீட்டர்தான் போனது, அடுத்த ஆண்டே ஐந்து வண்டிகள் முழுப் பாதையையும் முடித்தன. எங்களுக்கும் அப்படி ஒரு எண் வேண்டும், அது ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னேன். முதல் நாள், செப்டம்பரில், எங்கள் எண் 1 நிமிடம் 10 நொடி.

வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் காரிடாரைப் பற்றி நமக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னது. இரண்டாவது லேப்புக்குக் கண்ணாடிக் கதவு. லேசர் கண்ணாடியை ஊடுருவிப் போய்விடும், வண்டிக்கு அது திறந்த வழி. நேராகப் போய் முட்டியது. லைடார் உயரத்தில், தரையிலிருந்து 20 செ.மீ.யில், வெள்ளை ஸ்டிக்கர் பட்டை ஒட்டினோம். காலையில் தரை துடைக்கும் அக்கா மாப் போட்டுவிட்டுப் போனதும் சக்கரம் வழுக்கும். என்கோடர் கணக்கில் ஒரு மீட்டர், தரையில் எண்பது சென்டிமீட்டர்.

எல்லாவற்றையும் விட எங்களை அலைக்கழித்தது காரிடார்தான். வண்டி வரைந்த மேப்பில் 46 மீட்டர் காரிடார் 38 மீட்டராக வந்தது. மூன்று வாரம் இதிலேயே போனது. காரணம் இதுதான்: இரண்டு பக்கமும் வழவழவென்று ஒரே மாதிரி சுவர், கதவுகள் மூடியிருந்தால் அவையும் சுவரோடு சுவர். போன நொடி லைடார் பார்த்ததும் இந்த நொடி பார்ப்பதும் ஒன்றுபோலவே இருந்தால், நகரவே இல்லை என்று மேப்பிங் புரோகிராம் முடிவு செய்துவிடுகிறது. பக்கவாட்டில் எங்கே இருக்கிறோம் என்று மிகத் துல்லியமாகத் தெரியும், எவ்வளவு தூரம் வந்தோம் என்பது தெரியாது. நீண்ட காரிடாரில் எல்லோருக்கும் வரும் பிரச்சினைதான் இது என்று பிறகு படித்தோம். தீர்வு மட்டும் படித்து வந்ததில்லை. டிரேயை எடுக்க வந்த அண்ணா பசங்க தரையில் உட்கார்ந்து மேப்பைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, ரோட்டுல மைல்கல் இருக்குதுங்கல்ல, அந்த மாதிரி ஏதாச்சும் வெச்சா அதுக்குத் தெரியாதுங்களா?"

எட்டு மீட்டருக்கு ஒன்றாக, சுவரிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும் பிளைவுட் துண்டுகள் ஐந்து. லேத் பட்டறைப் பையன் ஒரே நாளில் செய்து மாட்டினான். மேப் 45.6 மீட்டர் காட்டியது. அன்றிலிருந்து அண்ணா சனிக்கிழமைக் கூட்டத்தில் உட்கார ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் மாணவர்களுக்கு நான் சொன்ன ஒரு பழைய கதை உண்டு. 1940களின் கடைசியில் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் ஆமை மாதிரி இரண்டு ரோபோக்களைச் செய்தார், எல்மர், எல்சி என்று பெயர். ஒவ்வொன்றிலும் இரண்டு வால்வு (பழைய ரேடியோவில் இருக்கும் வெற்றிடக் குழாய்), ஒரு ஒளி உணரி, ஓடு எதிலாவது இடித்தால் தெரிந்துகொள்ள ஒரு தொடு சுவிட்ச், இரண்டு மோட்டார், அவ்வளவுதான். பேட்டரி இறங்கினால் விளக்கு எரியும் கூண்டைத் தேடிப் போய் அவையே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். கம்ப்யூட்டர் கிடையாது, ஒரு வரி கோடு கிடையாது. எங்கள் ஹியூமனாய்டில் இருந்த மின்னணு அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு. ஆனால் யாராவது இடையில் காலை வைத்தால் ஆமை விலகிப் போகும், எங்கள் ரோபோ போகாது.

அதே நேரத்தில் ஹியூமனாய்டு

ஹாஸ்டலிலிருந்து திரும்பி வந்த பையனும் ஒரு இரண்டாம் ஆண்டு மாணவியும் இதை எடுத்துக்கொண்டார்கள். இடுப்பில் சாய்வை அளக்கும் எம்பியூ6050 சென்சார் வைத்தார்கள். உடம்பு 50 டிகிரிக்கு மேல் அரை நொடி சாய்ந்திருந்தால் விழுந்ததாகக் கணக்கு: நடையை நிறுத்து, குப்புறவா மல்லாக்கவா என்று பார், அதற்கேற்ப எழு. இரண்டு பாதத்திலும் நாலு நாலு அழுத்த உணரிகள். மார்பில், ஒலியலையால் தூரம் அளக்கும் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார். ஜனவரியில் பத்து முறை தள்ளிவிட்டதில் ஏழு முறை தானாக எழுந்தது. எழாத மூன்றிலும் கணுக்கால் சர்வோ சொன்ன இடத்துக்குப் போய்ச் சேரவில்லை, சேராதது கண்ட்ரோலருக்குத் தெரியவில்லை. மூன்று வயர் சர்வோவின் எல்லை அதுதான். கோணம், பளு, சூடு எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லும் ஸ்மார்ட் சர்வோக்கள் இருக்கின்றன, ஆனால் அதில் ஒன்று வாங்கும் காசில் இதில் பல வாங்கலாம்.

மனித உருவமும் தன்னாட்சியும் எதிரெதிர் என்று இதைப் படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. ரோபோக்கள் கால்பந்து ஆடும் ரோபோகப் போட்டியில் 2002 முதல் ஹியூமனாய்டு பிரிவு இருக்கிறது. ஆட்டம் நடக்கும்போது அந்த ரோபோக்களை யாரும் ரிமோட்டில் ஓட்டுவதில்லை, பந்தை அவையே தேட வேண்டும், விழுந்தால் அவையே எழ வேண்டும். கஷ்டம் இரட்டிப்பு, அவ்வளவுதான். எங்கள் நிலையில் இரண்டு கஷ்டத்தையும் ஒன்றாகத் தூக்க முடியாது.

என்ன ஆனது

பிப்ரவரி 2024இல் ஒரு வாரம், ஐந்து வேலை நாள், வண்டியை முழு வேலைக்கு விட்டோம். 118 நடை, அதில் கை வைக்க வேண்டி வந்தது 21 முறை. ஒன்பது முறை காரிடாரின் கிழக்குக் கோடியில், கிரில் கேட் வழியாகக் காலை வெயில் நேராக உள்ளே விழும் நேரத்தில் லைடார் தடுமாறியதால். ஐந்து முறை ஈரத் தரை. நாலு முறை கீழே வைத்த பைகளும் நீட்டிய கால்களும். இரண்டு முறை டிரேயை ஒரு பக்கமாக ஏற்றியதால் சாய்ந்தது, ஒரு முறை பேட்டரி. அதிகபட்ச கை படாத நேரம் 3 மணி 20 நிமிடம். அண்ணா இன்னும் பத்துப் பன்னிரண்டு நடை நடக்கிறார், முன்பு 34.

முதல் வாரங்களில் மாணவர்கள் வேண்டுமென்றே வண்டிக்கு முன் நின்று நிற்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாவது வாரம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஒதுங்கி வழிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள். எனக்கு அதைவிட நல்ல சான்றிதழ் வேறில்லை.

மார்ச்சில் ஓபன் டே. பக்கத்துப் பக்கத்து மேசையில் இரண்டையும் வைத்தோம். ஹியூமனாய்டைச் சுற்றி நாள் முழுக்கக் கூட்டம், தள்ளிவிட்டால் எழுகிறது என்றதும் பிள்ளைகள் வரிசையில் நின்று தள்ளினார்கள். வண்டியிடம் ஒரு பெற்றோர் நின்று "இது டிராலிங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த ஆண்டுக்குக் குழுவில் சேர 14 பேர் பெயர் கொடுத்தார்கள், 12 பேர் ஹியூமனாய்டைப் பார்த்து வந்ததாக எழுதியிருந்தார்கள். வேலைக்கான நேர்முகத் தேர்வில் கதை வேறு: தலைவியிடம் கிட்டத்தட்ட அரை மணி நேரம் கேட்டது முழுக்க 38 மீட்டர் மேப்பைப் பற்றித்தான். வேலை கிடைத்தது.

இரண்டில் எது மதிப்புள்ளது என்று என்னைக் கேட்டால் இப்போது என் பதில் இப்படி: ஹியூமனாய்டு பிள்ளைகளைக் கதவுக்குள் கொண்டுவருகிறது, மின்சாரத்தையும் எடையையும் மூட்டையும் கையில் பிடித்துக் கற்றுத்தருகிறது. அதை ஒரு வருடத்துக்கு மேல் ஆட்டம் கற்றுக்கொடுக்கவே வைத்திருந்தால் அங்கேயே நின்றுவிடுவார்கள். உலகம் நாம் எழுதி வைத்த மாதிரி இருக்காது என்பதை மூன்று வயர் சர்வோ ஒருநாளும் சொல்லித்தராது, காரிடார் சொல்லித்தரும்.

அடுத்த முறை மாற்றுவது

எந்த ரோபோ ஆனாலும் முதல் மாதத்திலேயே ஒரு உணரியாவது மாட்டிவிட வேண்டும். 'விழுந்தேனா' என்ற ஒரே ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாலே போதும், எம்பியூ6050 சில நூறு ரூபாய்தான். கணுக்காலுக்கு மட்டுமாவது ஸ்மார்ட் சர்வோ வாங்கக் காசு ஒதுக்க வேண்டும். நிற்கப்போகும் தரையில்தான் பழக்க வேண்டும், லேப் தரையில் வேண்டாம். கை படாத நேரத்தை ஹியூமனாய்டுக்கும் முதல் நாளிலிருந்தே குறித்திருக்க வேண்டும், முதல் வருடத்துக்கு எங்களிடம் அந்தக் கணக்கே இல்லை. வேலையைத் தினமும் செய்கிற ஆளை, எங்கள் விஷயத்தில் அண்ணாவை, திட்டம் போடும் அன்றே கூப்பிட வேண்டும். அவர் முன்பே இருந்திருந்தால் மூன்று வாரம் மிச்சம். கிழக்குக் கேட்டுக்கு வெயில் மறைப்பு போடுவதுதான் அடுத்த முதல் வேலை.

அப்புறம், ரோபோவைப் பற்றி வெளியே போகும் வாசகத்தைக் குழுவே எழுத வேண்டும். ஓபன் டேயில் ஹியூமனாய்டுக்கு முன்னால் வைத்த அட்டையைத் தலைவிதான் எழுதினாள், கையால், பெரிய எழுத்தில்:

"எனக்கு நடக்கவும் ஆடவும் மனிதர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். எப்போது ஆட வேண்டும் என்று போனில் சொல்கிறார்கள். விழுந்தால் எனக்குத் தெரியும், எழுந்துவிடுவேன். என் முன்னால் 40 செ.மீ.க்குள் ஏதோ இருந்தால் தெரியும், நின்றுவிடுவேன். அது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியாது."